புதன்கிழமை ஏழாவது பீரியட்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளியில் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து என் அறைக்கு வந்து உட்கார்ந்த நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. பேசியது சுபைதா. பதினைந்து வருடங்களுக்கு முன் நம் பள்ளியில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். இப்போது கூடுவாஞ்சேரியில் கணவரோடு துணிக்கடை வைத்திருக்கிறாள். "மிஸ், எஸ்தர் மிஸ் போயிட்டாங்க" என்றாள். எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தும் "எந்த எஸ்தர்?" என்று கேட்டேன். நம் பள்ளிக்கு ஒரே ஒரு எஸ்தர் டீச்சர்தான் இருந்தார் என்பது எனக்குத் தெரியாதா என்ன? பதில் வர நேரமாகட்டும் என்றுதான் கேட்டேன்.

காலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை வாங்கி வந்தாராம். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாராம். தங்கை மகள் சொம்போடு வருவதற்குள் முடிந்துவிட்டது. அறுபது வயதிலும் தினமும் ஸ்டேஷன் வரை நடந்துபோய்த் திரும்பும் மனுஷி. இப்படி உட்கார்ந்த இடத்தில் போவார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

தாம்பரத்தில் ரயில் பிடித்துப் போனேன். கூடுவாஞ்சேரியில் இறங்கி, புதிதாக மனை பிரித்துக் கல் நட்டிருந்த இடங்களைத் தாண்டிப் போனால் அவர் வீடு. வாசலில் நிறையச் செருப்புகள். அவற்றுக்கு நடுவில், சுவரோரமாக, நாடா கட்டிய வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி. சுண்ணாம்புப் பொடி படிந்த அந்த ஷூவைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. உள்ளே போய் முகத்தைப் பார்த்தபோதுகூட அவ்வளவு வரவில்லை.

எஸ்தர் டீச்சரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேம்ப் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி, சேலையூரில் இருக்கும் நம் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருடங்கள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தார். சேலையூர்க்காரர்தான். அப்பா தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தவர். அவர் குரல் மைதானத்தின் ஒரு மூலையில் கிளம்பினால் மறுமூலையில் இருக்கும் சத்துணவுக் கூடத்தில் கரண்டி நிற்கும். பிரார்த்தனைப் பாட்டு மட்டும் சுத்தமாக வராது. ஆசிரியர் கூட்டத்துக்கு நேரத்தில் வந்ததே இல்லை. இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் நான் நல்லவளாக வரமாட்டேன்.

எண்பத்திரண்டில் நான் கணக்கு டீச்சராக இங்கே வந்து சேர்ந்தேன். பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு என் பொறுப்பு. ஜனவரி பிறந்ததும் பத்தாம் வகுப்பின் விளையாட்டு பீரியடைக் கணக்கு டீச்சரோ விஞ்ஞான டீச்சரோ எடுத்துக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம். யாரையும் கேட்க வேண்டாம். மணி அடித்ததும் சாக்பீஸோடு உள்ளே நுழைந்துவிட வேண்டியதுதான். நானும் ஒரு புதன்கிழமை ஏழாவது பீரியடில் அப்படித்தான் நுழைந்தேன். பிள்ளைகள் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்க்காத மாதிரி கரும்பலகையில் வட்டம் வரைந்தேன்.

இரண்டு நிமிஷத்தில் வாசலில் எஸ்தர் டீச்சர் நின்றார். கழுத்தில் விசில், காலில் கான்வாஸ் ஷூ, புடவை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார்.

"இன்னா டீச்சர், இது என் பீரியட் இல்ல?"

"போர்ஷன் முடியல டீச்சர். பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு."

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவரோ உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் சுபைதாவைக் கொஞ்சம் நகரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "என் பீரியட்ல புள்ளைங்க எங்க இருக்காங்களோ அங்க நான் இருக்கணும். நீங்க நடத்துங்க" என்றார்.

நாற்பது நிமிஷமும் அசையவில்லை. நான் வரைந்த தொடுகோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போனது. பீரியட் முடிந்ததும் என்னோடு வராந்தாவில் நடந்து வந்தார். "டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. அந்தத் தேற்றத்த மூணு தபா சொன்னீங்க. அஞ்சாறு புள்ளைங்க எழுதிச்சு. மத்ததெல்லாம் உங்க வாயப் பாத்துகினு இருந்துச்சு. எனக்குப் பக்கத்துல கீதே, அந்த நெட்டப் பொண்ணு சுபைதா, என் தோள்லயே தூங்கிடுச்சு. எழுப்ப மனசு வரல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பி.டி. டீச்சர் வந்து எனக்குக் கணக்கு நடத்தச் சொல்லித் தருவதா என்று வீட்டில் போய்ப் பொருமினேன்.

அடுத்த புதனும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். மார்ச் வரை ஒரு வாரம் தவறவில்லை. அடுத்த வருடம் ஜனவரியில் நான் மறுபடி பீரியடை எடுத்தேன். அவர் மறுபடி கடைசி பெஞ்சுக்கு வந்தார். சுபைதாவும் அங்கேதான் இருந்தாள். கணக்கில் தவறிப்போய் அதே வகுப்பில் இரண்டாம் வருடம் உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் எல்லோரும் வாரா வாரம் வேலைப் பதிவேடு எழுத வேண்டும். எந்த வகுப்பில், எந்த பீரியடில் என்ன நடத்தினோம் என்று எழுதி வெள்ளிக்கிழமை தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கும் நோட்டு அது. பீரியடைப் பறிகொடுத்த பி.டி. டீச்சர்கள் அதில் 'எறிபந்து' என்றோ 'உடற்பயிற்சி' என்றோ எழுதிவிடுவார்கள். யாரும் மைதானத்துக்கு வந்து பார்க்கப் போவதில்லை. எஸ்தர் டீச்சர் அப்படி எழுதவில்லை. 'பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, புதன், ஏழாவது பாடவேளை. மாணவிகள் வரவில்லை. நான் இருந்தேன்.' இதையே ஒவ்வொரு வாரமும் தன் உருண்டைக் கையெழுத்தில் எழுதினார்.

அப்போதைய தலைமையாசிரியை அம்மா பயந்த சுபாவம். "எஸ்தர், எறிபந்துன்னு போட்டுடேன்மா. யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டாராம். "பந்து ரூம்லயே கீதும்மா. எறியாத பந்த எறிஞ்சேன்னு எப்டி எழுதறது?" என்றாராம் இவர். ஆசிரியைகள் அறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

அந்தப் பிப்ரவரியில் ஆய்வு வந்தது. வந்த அதிகாரி எல்லாப் பதிவேடுகளையும் மேலோட்டமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர், ஒன்றில் நின்றுவிட்டார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார். அதற்கடுத்த பக்கத்தையும் பார்த்தார். எஸ்தர் டீச்சரையும் என்னையும் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். "மாணவிகள் ஏன் வரலை? எங்கே போனாங்க?" என்று கேட்டார். தலைமையாசிரியை அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. உத்தரவு எந்த நாளும் வரலாம் என்று காத்திருந்தேன்.  வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எஸ்தர் டீச்சரேதான் சார் தலைவலின்னு சொல்லிட்டு எனக்கு பீரியடக் கொடுத்துடுவாங்க."

அதிகாரி அவரிடம் திரும்பி "அப்படியாம்மா?" என்றார். எஸ்தர் டீச்சர் என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் நான் அதை மறந்திருப்பேன். "நான் எழுதுனதுதான் சார் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். நான் சொன்னதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வகுப்பை நடத்தாமல் விட்டதற்கு அவருக்கு மெமோ வந்தது. எனக்கு ஏப்ரலில் வேலை நிரந்தரமானது.

ஆய்வு நடந்த அதே வாரம் புதன்கிழமை. ஏழாவது பீரியட் மணி அடித்தது. நான் சாக்பீஸோடு வகுப்பில் நிற்கிறேன். வழக்கம்போல வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். உட்காரும்போது என்னைப் பார்த்து, "தலவலி இப்ப பரவால்ல டீச்சர், நீங்க நடத்துங்க" என்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பிறகு சாக்பீஸை மேஜையில் வைத்தேன். "எல்லாரும் கிரவுண்டுக்குப் போங்க" என்றேன். ஒருத்தி கூட எழுந்திருக்கவில்லை. நான் கிண்டலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். எஸ்தர் டீச்சர் விசிலை எடுத்து வகுப்பறைக்குள்ளேயே ஊதினார். பெஞ்சுகள் தடதடத்தன.

நல்ல மனசால் அனுப்பவில்லை. அவமானத்தால் அனுப்பினேன். ஆனால் நடந்தது வேறு. எட்டாவது பீரியட் எனக்குக் கணக்கு. வியர்த்து, தண்ணீர்க் குழாயில் முகம் கழுவி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன நடத்துவது என்று சலித்துக்கொண்டே ஆரம்பித்தேன். மூன்று தரம் சொல்லிப் புரியாத தேற்றம் ஒரே தரத்தில் ஏறியது. பக்கத்து ஏர்ஃபோர்ஸ் தளத்தில் இருந்து விமானம் ஒன்று கூரை அதிரப் பறந்து போனது; வழக்கமாக வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பும். அன்று பாதிப் பேர் திரும்பவில்லை. சுபைதா முழித்துக்கொண்டிருந்தாள். "மிஸ், முன்னெல்லாம் கணக்கு புரியும், ஆனா கண்ணு தொறந்து நிக்காது. இப்ப நிக்குது" என்றாள்.

அதன்பிறகு புதன்கிழமை ஏழாவது பீரியடை நான் தொடவில்லை. மார்ச்சில் வைத்த திருப்புதல் தேர்வில் எல்லோருக்கும் மதிப்பெண் கூடியிருந்தது. சுபைதா தேறியிருந்தாள். நான் அந்த மார்க் லிஸ்டை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். அவர் குனிந்து எறிபந்துக் கோட்டுக்குச் சுண்ணாம்புப் பொடி போட்டுக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மன்னித்துவிடுவார் என்ற ஆசையும் அதில் இருந்தது.

காகிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நல்லாப் படிச்சாங்கன்னா சந்தோசம்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன் டீச்சர். அடுத்த வருசம் மார்க்கு கொறஞ்சா பீரியட்டப் புடுங்கிக்குவீங்களா?"

நான் மார்க் லிஸ்டை மடித்தேன்.

"மார்க்கு வருதுன்னு விடாதீங்க. புள்ளைங்களுக்குக் கையும் காலும் கீது, அதுக்கோசரம் விடுங்க. மார்க்கு வந்தா வரட்டும்."

அப்போது எனக்கு அது வீம்பாகப் பட்டது. இவ்வளவு நல்ல செய்தியைக் கொண்டு வந்தால் இப்படிப் பேசுகிறாரே என்று நொந்துகொண்டேன். அவர் சொன்னது எனக்குத்தான் என்று புரியப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷமும் நல்ல வருஷங்கள். மதியம் அவர் டிபன் கேரியரைத் திறந்தால் கருவாட்டு வாசனை அறை முழுக்க வரும். சைவக்காரியான நான் மூக்கைப் பொத்திக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். நவம்பர் மழையில் மைதானம் ஏரியாகிவிட்டால் பிள்ளைகளை மாடி வராந்தாவில் நிற்க வைத்து இருந்த இடத்திலேயே குதிக்க வைப்பார். மேலே குதிக்கும் சத்தத்தில் கீழே எட்டாம் வகுப்புக்குச் சுண்ணாம்பு உதிரும். நம் பள்ளிக்குக் கோப்பைகள் அதிகம் வந்ததில்லை என்று தாளாளர் ஒரு ஆண்டு விழாவில் குறைப்பட்டார். "கப்பு பத்துப் புள்ளைங்களுக்குத்தான் சார். என் பீரியட்டு நாப்பத்தஞ்சு பேருக்கு" என்று இவர் மேடையிலேயே சொன்னார். நன்றாக ஓடுகிறவர்களை விட்டுவிட்டு, ஓடவே மாட்டேன் என்று அழும் பிள்ளையின் பின்னாடியே மைதானத்தைச் சுற்றி வருவார். குண்டாக இருந்த பிள்ளைகள், கால் வளைந்த பிள்ளைகள், மாதவிலக்கு நாளில் ஒதுங்கி நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் பீரியடில் ஒரு வேலை இருந்தது. இதைப் படிக்கிறவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பிள்ளைகள்தான்.

ஆய்வு நாளில் நான் சொன்ன பொய்யைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நான் பலமுறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் அவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார், அல்லது மணி அடித்துவிடும், அல்லது எனக்கே தைரியம் போய்விடும்.

தொண்ணூற்றைந்தில் நான் தலைமையாசிரியை ஆனேன். தாம்பரத்தில் இருந்து கேம்ப் ரோடு வரை வரிசையாக மெட்ரிகுலேஷன் பள்ளிகள் வந்துகொண்டிருந்த நேரம். முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் படத்தைப் பேனரில் போட்டு ரோட்டில் கட்டுவார்கள். என் முதல் வருடத் தேர்ச்சி முன்பைவிடக் குறைந்தது. பெற்றோர்கள் டி.சி. கேட்டு என் அறை வாசலில் நின்றார்கள். தாளாளர் கூப்பிட்டார். "பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு எதுக்கும்மா? ஒரு வருஷம் உக்காந்து படிக்கட்டுமே. நீங்களே கணக்கு டீச்சர், உங்களுக்கா சொல்லணும்?" என்றார். எதிர்த்துப் பேச என்னிடம் வார்த்தை இருந்தது. மைதானத்தில் எனக்கு ஒருவர் சொல்லித் தந்திருந்தார். ஆனால் நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அந்த ஜூனில் ஒட்டிய கால அட்டவணையில் பத்தாம் வகுப்புக்கு விளையாட்டு பீரியட் இல்லை. புதன் ஏழாவது கணக்கு என்று என் கையால்தான் எழுதினேன். அவரைக் கூப்பிட்டு நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஆசிரியைகள் அறைச் சுவரில் ஒட்டச் சொல்லி ஆயாவிடம் கொடுத்தனுப்பினேன். அவர் அதை நின்று படித்துவிட்டுப் போனார் என்று பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து என்னை 'டீச்சர்' என்று கூப்பிடுவதை நிறுத்தினார். 'மேடம்' ஆகிவிட்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை வேலைப் பதிவேடுகள் என் மேஜைக்கு வந்தன. அவருடையதைத் திறந்தேன். 'பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, புதன், ஏழாவது பாடவேளை. மாணவிகள் வரவில்லை. நான் இருந்தேன்.' அட்டவணையில் இல்லாத பீரியட் அது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கிற முகம் எனக்கு இல்லை. கீழே பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். ஜூன் முதல் மார்ச் வரை அந்த வரியின் கீழே என் கையெழுத்து இருக்கிறது.

அவர் வெறுமனே எழுதவில்லை. என் அறை ஜன்னலில் இருந்து மைதானம் தெரியும். புதன்கிழமை மணி மூன்றானால் சுண்ணாம்பு வாளியோடு வருவார். எறிபந்துக் கோட்டை முழுசாகப் போடுவார். வலை கட்டுவார். அப்புறம் நடுவர் நிற்கும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மாடியில் ஜன்னலோரப் பிள்ளைகள் அவரைப் பார்ப்பார்கள். கணக்கு டீச்சர் அதட்டுவார். மணி அடித்ததும் வலையை அவிழ்த்து மடித்துக்கொண்டு போய்விடுவார். அவருக்கு அது ஓய்வு பெறுகிற வருஷம். சும்மா உட்கார்ந்திருந்தால்கூட யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

பத்தாம் வகுப்புக்குப் படிப்பு விடுமுறை விடுவதற்கு முந்தைய புதன்கிழமை என்னால் ஜன்னலில் நிற்க முடியவில்லை. கீழே இறங்கிப் போனேன். வெயில் சாய்ந்திருந்தது. புதிதாகப் போட்ட வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் தாண்டி அவர் எதிரில் போய் நின்றேன்.

"டீச்சர், அன்னிக்கு இன்ஸ்பெக்ஷன்ல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஓரமாகக் கிடந்த ரப்பர் வளையத்தை எடுத்தார். வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். "செருப்பக் கயட்டுங்க" என்றார். கழற்றினேன். "முந்தானையச் செருகுங்க." செருகினேன். வளையம் சுற்றிக்கொண்டு வந்தது. என் கை மேல் பட்டுக் கீழே விழுந்தது.

"டீச்சர், நான் அன்னிக்குப் பொய் சொல்லி உங்களுக்கு மெமோ..."

"ரிங்கப் பாருங்க டீச்சர். என் வாயப் பாக்காதீங்க."

பத்து மாதம் கழித்து என்னை டீச்சர் என்று கூப்பிட்டார். அதற்கப்புறம் வளையத்தை மட்டும் பார்த்தேன். வளையம் வந்தது, விட்டேன், வந்தது, விட்டேன், எத்தனையாவது தடவையோ பிடித்தேன். பிடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, மூச்சும் வாங்கியது. மாடியில் இருந்து பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியை வெறுங்காலோடு ஓடுவதை அவர்கள் பார்த்ததில்லை. மணி அடித்தபோது அவர் வலையை அவிழ்த்துக்கொண்டே, "மூச்சு வாங்குதா? வாங்கணும். நாளைக்குத் தோள் வலிக்கும், வெந்நீ ஊத்துங்க" என்றார். அவ்வளவுதான் எங்கள் சமாதானப் பேச்சு.

அந்த வெள்ளிக்கிழமை பதிவேட்டில் இப்படி எழுதியிருந்தது: 'மாணவிகள் வரவில்லை. ஒருவர் வந்தார். நான் இருந்தேன்.' அதன்கீழே போட்ட கையெழுத்துதான் என் உத்தியோகத்தில் நான் போட்டவற்றிலேயே மிகக் கோணலானது.

அவர் மே மாதம் ஓய்வு பெற்றுக் கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டார். ஜூனில் நான் அட்டவணையைத் திருத்தினேன். பத்தாம் வகுப்புக்குப் புதன் ஏழாவது உட்பட வாரத்தின் இரண்டு விளையாட்டு பீரியடும் திரும்ப வந்தன. தாளாளரிடம், "மார்க் கொறஞ்சா என்னைக் கேளுங்க சார், பீரியடக் கேக்காதீங்க" என்று சொன்னேன். சொல்லும்போது குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவருடைய குரல் மாதிரி இருந்தது.

இதை அவரிடம் சொல்ல வேண்டும், ஒரு புதன்கிழமை கூட்டி வந்து மைதானத்தில் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஏன் கூப்பிடவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். முதல் வருட ரிசல்ட் நன்றாக வரட்டும், அதையும் காட்டலாம் என்று காத்திருந்தேன். சுமாராகத்தான் வந்தது. சரி, அடுத்த வருடம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். மார்க் லிஸ்டைக் கொண்டு வராதே என்று அவர் எனக்குச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று? நான் மறுபடியும் மார்க் லிஸ்டுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் இருந்து கூடுவாஞ்சேரி அரைமணி நேரம்கூட இல்லை. இரண்டு வருஷம் போய்விட்டது.

அன்று அவர் வீட்டில் கூட்டத்தில் ஒதுங்கி நின்றபோது இதைத்தான் சுபைதாவிடம் சொல்லி அழுதேன். "பத்தாவது புள்ளைங்க திரும்ப விளையாடறாங்கன்னு அவங்களுக்குத் தெரியாமலேயே போயிட்டாங்களே" என்றேன்.

சுபைதா என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "மிஸ், அவங்களுக்குத் தெரியுமே. உங்களைப் பாக்கலியா அவங்க?"

போன வருடம் மழை விட்ட சமயத்தில் ஒரு புதன்கிழமை மாலை எஸ்தர் டீச்சர் சுபைதாவின் கடைக்கு வந்தாராம். தாம்பரத்தில் இருந்துதான் வருகிறேன் என்றாராம். ரயிலில் போய், பஸ் பிடித்துக் கேம்ப் ரோட்டில் இறங்கி, நம் பள்ளிக்கு வந்திருக்கிறார். மைதானத்தின் தெருப் பக்கம் கம்பி வேலிதானே? எதிரில் ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்து ஏழாவது பீரியட் முழுவதையும் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிவிட்டார்.

"உள்ள போகலியா மிஸ்னு கேட்டேன். எதுக்குப் போகணும், டீச்சருக்கு ஆயிரம் வேல கெடக்கும்னாங்க. சிரிச்சுகினே சொன்னாங்க மிஸ். 'புள்ளைங்க வந்துட்டாங்க சுபைதா. நானும் இருந்தேன்'னு."

 அந்தப் புதன்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். அறையில்தான் இருந்திருப்பேன், ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு. ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்திருந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை ஷூ தெரிந்திருக்கும். கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவர் உள்ளே வந்திருக்கலாம் என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. டீச்சர், ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கக் கூடாதா?

எஸ்தர் டீச்சரின் விசிலைத் தங்கை மகள் வைத்துக்கொண்டாள். ஷூவை அவரோடு பெட்டியில் வைத்துவிட்டார்கள். எனக்கு அவரிடம் இருந்து எதையும் கேட்டு வாங்கத் தோன்றவில்லை. என்னிடம் ஏற்கெனவே அவருடைய புதன்கிழமை ஏழாவது பீரியட் இருந்தது.

இப்போது புதன்கிழமை மணி மூன்றானால் மேஜையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு மைதானத்துக்கு வருகிறேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறேன். புதிதாக வந்திருக்கும் பி.டி. டீச்சர் சின்னப் பெண். தலைமையாசிரியை தன்னைச் சோதிக்க வருகிறார் என்று முதலில் பயந்தாள், இப்போது பழகிவிட்டது. நான் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். என் கண் முதலில் வேலிக்கு அந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடை வாசலுக்குப் போகிறது. ஸ்டூல் காலியாக இருக்கிறது. அப்புறம் திரும்பிப் பிள்ளைகளைப் பார்க்கிறேன்.

மாணவிகள் வந்திருக்கிறார்கள், டீச்சர். நான் இருக்கிறேன்.